ஒரு பைசா குறையாது, வேணும்னா சும்மா எடுத்துக்குங்க

இங்கிலாந்தில் 1997-லிருந்து ஒரு வழக்கம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளப் பெரியவர்களுக்கு அரசாங்கம் பணம் தரும். பொதுவாக 200 பவுண்டு, 80 வயதைத் தாண்டியிருந்தால் 300. பங்களாவில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கும் உண்டு, பழைய ஸ்வெட்டரில் நடுங்குகிற தாத்தாவுக்கும் உண்டு. 2024-ல் நிதியமைச்சராக வந்த ரேச்சல் ரீவ்ஸ், இனிமேல் ரொம்பவும் இல்லாதவர்களுக்கு மட்டும்தான் என்று வெட்டினார். தாத்தாக்கள் பொங்கிவிட்டார்கள். வருஷம் ஒன்று முழுசாக ஓடுவதற்குள், 2025 ஜூனில், வருஷ வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் உண்டு என்று அரசாங்கம் இறங்கி வந்தது.

கோபிசெட்டிபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எந்தப் பெரியவரைக் கேட்டிருந்தாலும் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார். "கொடுத்ததைப் புடுங்கப்படாது கண்ணு. 2004-ல இங்க என்ன ஆச்சுன்னு அந்தம்மிணிக்கு யாரும் சொல்லலீங்களா?"

கோபிக்காரருக்கு இந்த விஷயத்தில் சொல்லும் தகுதி உண்டு. இங்கே குளிர் என்பது மார்கழியில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிற அளவுதான். வீட்டைச் சூடுபடுத்த யாரும் காசு தர வேண்டியதில்லை, சித்திரை வெயில் அதை இலவசமாகவே செய்கிறது. எங்களுக்குக் கரண்டு வேண்டியிருந்தது தண்ணீருக்காக. அந்தக் கரண்டை அரசாங்கம் முதலில் விற்று, பிறகு சண்டைபோட்டு, கடைசியில் கையில் திணித்த கதை உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு ரகளையாக நடந்திருக்காது.

மாட்டு யுகம்

கோபியின் வயல்களில் பாதி பிறந்தபோதே அதிர்ஷ்டசாலிகள். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. அவற்றின் கரையில் நிலம் வைத்திருந்தவர் மடையைத் திறந்துவிட்டுத் திண்ணையில் உட்காரலாம். மேட்டுக்காட்டுக்காரருக்கு அந்த யோகம் இல்லை. அவருக்குக் கிணறு, கிணற்றுக்குக் கவலை, கவலைக்கு ரெண்டு மாடு. தோல் பறியில் தண்ணீரை அள்ளிக்கொண்டு மாடுகள் சரிவில் இறங்கும், பின்னாலேயே நடந்து மேலே ஏறும், மறுபடி இறங்கும். இதைக் கோழி கூப்பிடும் நேரத்தில் ஆரம்பித்தால் உச்சி வெயில் வரைக்கும். நாள் முழுக்க நடந்தும் எந்த ஊருக்கும் போய்ச் சேராத மாடுகள் இவை.

அந்த மாடுகளுக்கு ஓய்வு கொடுத்த புண்ணியம் நீலகிரிக்குச் சேரும். சென்னை மாகாண அரசில் சர் சி.பி. ராமசாமி ஐயர் சட்ட உறுப்பினராக இருந்தபோது பைக்காராத் திட்டத்துக்கு வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். 1929-ல் வேலை தொடங்கி, 1932-ல் மலையிலிருந்து விழுந்த தண்ணீர் கோவைக்குக் கரண்டாக வந்து சேர்ந்தது. முதலில் அதைக் குடித்தவை மில்கள். கோவையில் புற்றீசலாக மில் முளைத்த காலம் அது. 1937-ல் கோவையிலேயே டி. பாலசுந்தரம் நாயுடு மின் மோட்டார் ஒன்றைச் செய்து காட்டினார். மலையில் கரண்டு, கோவையில் மோட்டார், காட்டில் கிணறு. மூன்றும் சந்திப்பதற்கு மேற்கொண்டு ஜாதகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் வந்ததும் கொங்கு விவசாயிக்குப் புதிதாக ஒரு பொழுதுபோக்கு கிடைத்தது. பங்காளி 60 அடி வெட்டினால் இவர் 80. இவர் 80 வெட்டியதும் பங்காளியின் கிணற்றில் தண்ணீர் கீழே போகும், உடனே அவர் 100. ஆழம் கூடக் கூட மோட்டாரின் குதிரைத்திறனும் கூடும். குதிரைத்திறன் கூடினால் பில் கூடும். இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு பங்காளிகளும் யோசிக்கவில்லை. 1957 ஜூலையில் பிறந்த மின்சார வாரியம் யோசித்தது.

எட்டுப் பைசா யுகம்

1970-ல் விவசாயக் கரண்டு யூனிட்டுக்கு 8 பைசா. அதை 10 ஆக்கியது கலைஞர் அரசு. இரண்டு பைசாதானே என்று கோட்டையில் நினைத்திருப்பார்கள். கோவை மாவட்டத்தில் காசைப் பற்றி 'தானே' என்று யாரும் பேசுவதில்லை. கடையில் 50 பைசா பாக்கிக்கு மிட்டாய் நீட்டினால் "மிட்டாய் எனக்கெதுக்குங்க, காசைக் குடுங்க" என்று நிற்கிற மண் இது. அன்றைக்குக் கோபியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தனியாகப் பெரியார் மாவட்டம் வந்தது 1979-ல்.

கோவைக்குப் பக்கத்தில் வையம்பாளையத்தில் சி. நாராயணசாமி நாயுடு என்று ஒரு விவசாயி இருந்தார். அவர் கேட்டது மிகச் சின்னது: ஒரு பைசா குறையுங்கள். 10-ஐ 9 ஆக்குங்கள். புரட்சி வேண்டாம், நிலப்பங்கீடு வேண்டாம், ஒரு பைசா போதும். உலகப் போராட்ட வரலாற்றில் இவ்வளவு சிக்கனமான கோரிக்கை இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம். அரசாங்கம் முடியாது என்றது.

இங்கே கதையில் சிரிக்க முடியாத இடம் வருகிறது. 1970 ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது, வருஷாவருஷம் அந்த நாளில் விவசாயச் சங்கங்கள் வந்து மாலை போடுகின்றன. அதன் பிறகு அரசாங்கம் குறைத்தது. ஒரு பைசா.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது ஊரார் பழமொழி. வாரியத்தின் கட்டணம் மட்டும் முழம் ஏறிச் சாண் சறுக்குகிற வகை. 8 பத்தாகி 9 ஆனது, 1972-ல் 9 பன்னிரண்டு ஆனது. இந்தத் தடவை நாயுடு வண்டி கட்டினார். கொங்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் மாட்டு வண்டிகள் கோவைக்குள் இறங்கிச் சாலைகளை அடைத்துக்கொண்டு நின்றன. நகரத்துக்குப் பாலும் காய்கறியும் போகாமல் நின்றன. காபி குடிக்காத கலெக்டர் ஆபீஸ் எப்படி இயங்கும் என்பதை அன்றைக்குத்தான் கோவை கண்டது.

இந்தக் காட்சியில் ஒரு நியாயமும் இருந்தது. கரண்டு வந்ததால் கவலையில் வேலை இழந்த அதே இனத்து மாடுகள், கரண்டுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வண்டி இழுத்து வந்திருந்தன. கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால் மோட்டாரை நிறுத்திவிட்டு மறுபடியும் தங்களைப் பூட்டிவிடுவார்கள் என்பது அவற்றுக்குத் தெரிந்தே இருக்கும். அந்தக் கூட்டத்தில் சொந்த ஆதாயத்தை மறைக்காமல் வந்தவை அவை மட்டும்தான்.

1972 ஜூலை 5-ம் தேதி தமிழ்நாட்டில் பல ஊர்களில் துப்பாக்கி வெடித்தது, விவசாயிகள் பலர் மாண்டார்கள். பிறகு பேச்சுவார்த்தை. பிறகு குறைப்பு. மறுபடியும் ஒரே ஒரு பைசா.

நாற்பது வாட் யுகம்

இத்தனை அமளியிலும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. மேட்டுக்காட்டுக் கிணற்றடியில் மடை திருப்புகிற பண்ணையாள். அவர் வீட்டில் 8 பைசாவும் கிடையாது, 12 பைசாவும் கிடையாது. ரேஷன் சீமெண்ணெய் சிமிளி விளக்கு மட்டும் உண்டு.

எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த பிறகு அவருக்கும் விடிந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு, இலவசம். அறிவிப்பு ஒரு வரிதான், நிபந்தனைகள் பல வரி. பல்பு 40 வாட்டைத் தாண்டக் கூடாது. குடிசை என்றால் எது என்பதற்கும் வாரியம் இலக்கணம் வகுத்தது: மண் சுவர், ஓலையோ ஓடோ தகரமோ போட்ட கூரை, 250 சதுர அடிக்குள். சுவருக்குச் சிமெண்டு பூசினால் மனிதர் ஏழையில்லாமல் போய்விடுவார். மழைக்குக் கரையாத சுவர் வேண்டுமா, இருட்டில் தெரிகிற சோறு வேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமையை அரசாங்கம் பெருந்தன்மையாக அவரிடமே விட்டது.

காட்டுக்காரருக்கோ காலம் வேறு மாதிரி கனிந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு கரண்டை இலவசமாக்கியது. மற்றவர்கள் மீட்டர் பார்த்துக் கட்ட வேண்டாம், குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று வருஷத்துக்கு ஒரு தொகை கட்டினால் போதும் என்றது. அந்த வருஷத்தில் மோட்டார்களுக்கு ஒரு விசித்திர நோய் கண்டது. வெளியே தகட்டில் 3 எச்.பி. என்று எழுதியிருக்கும், உள்ளே காயில் சுற்றியவருக்கு மட்டும் அது ஏழரை என்று தெரியும். ஏழரை என்பது சனிக்கும் மோட்டாருக்கும் பொதுவான அளவு என்பதால் யாரும் வெளியே சொல்லவில்லை.

அதே 1984 டிசம்பரில், தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில் நாராயணசாமி நாயுடு காலமானார். ஒரு பைசா கேட்டவர் பாதி சைபரைப் பார்த்துவிட்டுப் போனார். மீதி சைபர் 1990-ல் வந்தது. ஏக்கர் கணக்கு வேண்டாம், குதிரைத்திறன் கணக்கு வேண்டாம், எல்லா விவசாயிக்கும் கரண்டு இலவசம் என்று அறிவித்தவர் வேறு யாருமில்லை, 1970-ல் பத்தை ஒன்பதாக்க மனம் வராத அதே கலைஞர்தான். இருபது வருஷத்தில் அவர் பெற்ற ஞானம் இது: ஒரு பைசா குறைத்தால் அது தோல்வி, ஒன்பது பைசாவும் குறைத்தால் அது சாதனை.

இதில் வாரியத்துக்கும் நிம்மதி. மோட்டாருக்கு மீட்டர் வேண்டாம், ரீடிங் எடுக்க நாய் துரத்தும் இட்டேரியில் சைக்கிள் மிதிக்க வேண்டாம், பில் போட வேண்டாம், பில் கட்டாதவர் கட்டையைப் பிடுங்க வேண்டாம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மோட்டார்கள் ஓடுகின்றன. எவ்வளவு கரண்டு குடிக்கின்றன என்பதை வாரியம் மதிப்பீடு செய்கிறது. மதிப்பீடு என்பது அரசாங்கம் கௌரவமாகச் சொல்கிற உத்தேசம்.

ராத்திரி ரெண்டு மணி யுகம்

சும்மா கொடுக்கிற கரண்டை அரசாங்கம் எப்போது கொடுக்கும்? யாருக்கும் தேவைப்படாத நேரத்தில் கொடுக்கும். பகலில் கொஞ்சம், ராத்திரியில் கொஞ்சம் என்று மும்முனைக் கரண்டைப் பிரித்து விட்டார்கள். மார்கழி மாதம் ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு பேஸ் வரும். தோட்டத்துச் சாளையில் படுத்திருப்பவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, டார்ச்சும் கையுமாக, பாம்பு பார்த்து மோட்டார் ரூமுக்கு நடக்க வேண்டும். கோபியில் குளிர்காலக் கரண்டுக்குக் கொடுக்கிற விலை இதுதான். பவுண்டில் சொல்வது கஷ்டம்.

கொங்கு மூளை சும்மா இருக்குமா? கரண்டு வந்ததும் தானாக ஓடுகிற ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டினார்கள். மூணு பேஸ் இல்லாதபோது கன்டென்சரை வைத்து ரெண்டு பேஸில் ஓட்டினார்கள். பக்கத்துக் காட்டில் நூறு மோட்டார்கள் ஒரே நொடியில் தானாகக் கிளம்பியதும் டிரான்ஸ்பார்மர் தானாகப் படுத்துக்கொண்டது. லைன்மேனை எழுப்பினால், "இலவசக் கரண்டுக்கு இந்நேரத்துல எழுப்பறீங்களேங்க" என்று அவரும் நியாயம் பேசினார்.

இதற்கு நடுவில் 2003 வந்தது. முதல்வர் ஜெயலலிதா ஒரு காரியம் செய்தார். பொருளாதாரப் பேராசிரியர்கள் கைதட்டியிருக்க வேண்டிய காரியம். விவசாயக் கரண்டு இனி இலவசம் இல்லை, எல்லாரும் கட்ட வேண்டும், சிறு குறு விவசாயிகளுக்கு மட்டும் அந்தத் தொகையை அரசே பணமாகத் தந்துவிடும். அதாவது அரசாங்கம் உங்களுக்குப் பணம் தரும், அதை நீங்கள் அரசாங்கத்துக்குக் கட்டுவீர்கள். கணக்கு கச்சிதமாகத்தான் இருந்தது. ஆனால் கொங்கு விவசாயி கையில் வந்த பணத்தைத் திரும்பக் கொடுப்பார் என்று ஒரு அரசாங்கம் நம்பியது நிர்வாகத் தவறில்லை, கள ஆய்வில் குறை.

2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழ்நாட்டில் 39 தொகுதி, அ.தி.மு.க. கூட்டணிக்குக் கிடைத்தது சைபர். இலவசத்தை எடுத்தவருக்கு மக்களும் இலவசமாக ஒன்றும் தரவில்லை. அடுத்த சில நாட்களில், மே 18-ம் தேதி, இலவசக் கரண்டு திரும்பி வந்தது. அதிலிருந்து தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் இந்தப் பாடம் மறக்கவில்லை. 2020-ல் டெல்லி அரசு மின்சாரச் சட்டத் திருத்த வரைவில், மானியத்தை நேரடியாகக் கணக்கில் போடலாமே என்று பழைய யோசனையைப் புது டப்பாவில் நீட்டியபோது, எடப்பாடி பழனிசாமியும் எதிர்த்தார், ஸ்டாலினும் எதிர்த்தார். இருவரும் ஒரே பக்கம் நின்ற அரிய காட்சியை நமக்குக் காட்டியது கரண்டுதான்.

இலவச இணைப்பு வேண்டுமென்று மனுப் போட்டால் எப்போது கிடைக்கும் என்று கேட்கக் கூடாது. அப்பன் போட்ட மனுவுக்கு மகன் காலத்தில் கம்பம் நட்ட காடுகள் உண்டு. அவசரக்காரர்களுக்காக 'தட்கல்' வந்தது. 5 எச்.பி. வரை இரண்டரை லட்சம், 15 எச்.பி. என்றால் 4 லட்சம் கட்டினால் இலவசக் கரண்டு உடனே. இலவசத்தை விலைக்கு விற்கும் வித்தையை இதற்கு மேல் யாரும் வளர்க்க முடியாது. பிறகு 2021-ல் ஸ்டாலின் அரசு ஒரு லட்சம் புது இணைப்புத் தரும் திட்டத்தைத் தொடங்கியதும் வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

மிக்ஸி யுகம்

குடிசையில் 40 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. 2006-ல் கலைஞர் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார். பல்புக்கு மட்டும் அனுமதியுள்ள வீட்டில் டி.வி. ஓடினால் விதிமீறல். அரசாங்கம் கொடுத்த டி.வி.யை அரசாங்க வாரியம் பிடிப்பது நன்றாக இருக்காதே என்று விதியைத் தளர்த்தினார்கள். 2011-ல் ஜெயலலிதா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் அனுப்பினார். விதி இன்னும் தளர்ந்தது. ஓலைக் கூரையில் ஃபேனை மாட்டுவதற்கு விட்டம் இல்லாத வீடுகளில் அது மேஜை ஃபேனாக வந்து காப்பாற்றியது.

ஃபேன் வந்த நேரம்தான் கரண்டு போன நேரம். ஆற்காடு வீராசாமி மின்துறை அமைச்சராக இருந்த காலத்திலேயே தொடங்கிய வெட்டு, நத்தம் விஸ்வநாதன் காலத்தில் உச்சம் கண்டது. 2012-ல் கோவை வட்டாரத்தில் ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்டு இருக்காது. இலவச கிரைண்டரில் மாவு பாதி அரைந்து நிற்கும். மீதியை ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டே இல்லத்தரசிகள் சொன்னவற்றை அச்சில் போட இயலாது.

2016 மே 23-ம் தேதி பதவியேற்றதும் ஜெயலலிதா போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது. எல்லா வீட்டுக்கும்தான். ஏ.சி. ஓடுகிற மூணு மாடி வீட்டுக்கும் அதே 100. இந்த இலவசத்துக்குப் பக்கத்தில் ஒரு குழியும் இருந்தது. அன்றைய கணக்கில் 500 யூனிட்டுக்கு பில் 1,130 ரூபாய். 501 ஆனால் முன்பு ஓடிய யூனிட்டுகளுக்கும் விலை மாறி 1,786 ரூபாய்க்கு மேல். ஒரே ஒரு யூனிட்டின் விலை 650 ரூபாயைத் தாண்டியது. அறுபதாம் நாள் நெருங்கினால் கொங்கு வீடுகளில் வாஷிங் மெஷின் நிற்கும், மோர் கையில் கடையப்படும், ஒறம்பரை வந்தால் ஏ.சி. ரிப்பேர் ஆகும். ரீடிங் எடுக்கிறவர் நாலு நாள் தாமதமாக வந்தால், மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காத பதற்றத்தோடு அவரை வாசலில் எதிர்பார்த்தார்கள்.

இத்தனை யுகத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வாரியத்தின் எடைக்கல் தெரியும். பத்து எச்.பி. மோட்டாருக்கு மீட்டரே இல்லை. பங்களாவுக்கு 100 யூனிட், யார் என்று கேள்வி இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு 500-ல் ஒரு குழி. வாட் கணக்கில் எண்ணி, சதுர அடி கணக்கில் அளந்து, சுவரைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தது ஒருவருக்கு மட்டும்தான்: எல்லாரையும்விடக் குறைவாகச் செலவழித்த குடிசைக்காரருக்கு. ஏழைக்குப் போகிற உதவி வசதிக்காரருக்குக் கசிந்துவிடக் கூடாது என்று அரசாங்கம் காவல் காத்தது உண்மைதான், ஆனால் காவல் போட்டது ஏழையின் வாசலில்.

ஏன் இப்படி என்று பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. 1972-ல் கோவையை அடைத்த வண்டிகளில் ஒன்றுகூடப் பண்ணையாளின் சொந்த வண்டி இல்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டை ஓட்டி வந்தவர் வேண்டுமானால் அவராக இருந்திருக்கலாம். அவரிடம் இருந்தது ஒரு ஓட்டு. அன்றைய நிலவரத்தில் ஓட்டுக்கு 40 வாட், வண்டிக்கு வரம்பில்லை.